பொன்னேரியில் ஒரு கொள்கை ஆய்வு மையம்

லண்டனில் புதிதாக ஒரு கொள்கை ஆய்வு மையம் தொடங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி, எங்கள் வீட்டுக்குப் பெருக்கல் கணக்கின் பின்பக்கமாக வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பொன்னேரியில் அக்கா வீட்டில் தங்கி, பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன். அலுவலகத்தில் டெலிபிரிண்டர் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் செய்தி அடித்துத் தள்ளும். எங்கள் வாசகருக்கு ஆகும் என்று தோன்றுவதை எடுத்துத் தமிழாக்குவோம். மற்றதைக் கூடையில் போடுவோம். லண்டன் செய்திகளில் பெரும்பாலானவை கூடைக்குத்தான் போகும். அந்தத் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால், வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போவதை யாரும் தடுத்ததில்லை. நான் அக்கா மகளுக்கு எடுத்துப்போவேன். அவள் ஒரு பக்கத்தில் கணக்குப் போடுவாள். மறுபக்கத்தை மாமா படிப்பார்.

மாமா என்பது அக்காவின் கணவர். பொன்னேரியில் நெல் மில் வைத்திருந்தார். அவித்துக் காயவைத்துப் புழுங்கல் அரிசி ஆக்கித்தரும் மில் அந்த ஊருக்குள் அது ஒன்றுதான். வீட்டின் சாப்பாடும் துணியும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் அதிலிருந்துதான் வந்தன.

"மச்சான், இத்த ஏன் பேப்பர்ல போடலே?" என்று ஒருநாள் காலையில் கேட்டார். கையில் கணக்குத்தாள்.

வாங்கிப் படித்தேன். சில வரிகள்தான். பிரிட்டனில் வலதுசாரிக் கட்சி தேர்தலில் தோற்றிருந்தது. அதன் பழைய அமைச்சர் ஒருவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கியிருக்கிறார்கள். தாங்கள் ஆட்சியில் இருந்தபோது எங்கே தவறினோம், அரசாங்கம் எந்தெந்த வேலையிலிருந்து கையை எடுக்க வேண்டும், சந்தையை எப்படித் திறந்துவிட வேண்டும் என்று ஆராய்ந்து சிறு நூல்களாக வெளியிடுவார்களாம்.

"யாரு மாமா படிப்பாங்க இத்த?"

"நான் படிச்சனே."

அவர் விடவில்லை. "தோத்தவன் எவனா இருந்தாலும் ஜெயிச்சவனத் திட்டுவான். இவங்களப் பாரு. நாம இன்னா தப்பு பண்ணோம்னு உக்காந்து யோசிக்கறாங்க. மந்திரியா இருந்த ஆளு, மச்சான்!"

இட்லி வைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிராமல் சொன்னாள்: "மந்திரியா இருக்கறப்பவே யோசிச்சிருந்தா தோத்திருக்க மாட்டாங்க இல்ல. நாஷ்டா ஆறுது, துன்னுங்க."

மாமாவுக்கு அந்தச் செய்தி ஏன் அப்படித் தைத்தது என்று எனக்குத் தெரியும். லைசென்ஸும் பர்மிட்டும் ஒழியவேண்டும் என்று பேசிய ஒரு கட்சியில் அறுபதுகள் முழுக்க இருந்தவர் அவர். தேர்தல் வந்தால் மில்லை ஆளிடம் விட்டுவிட்டு, ஆர்.கே.பேட்டை வரைக்கும் வாடகை ஜீப்பில் போய்ப் பேசிவிட்டுத் தொண்டை கட்டித் திரும்புவார். எழுபதுகளில் அந்தக் கட்சி டில்லியில் வேறொரு கட்சியோடு கலந்துவிட்டது. கலந்த விஷயத்தைப் பொன்னேரிக் கிளைச் செயலாளராக இருந்த மாமாவுக்கு யாரும் எழுதிச் சொல்லவில்லை. எங்கள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார். அன்று மாலை மில்லில் இருந்த கட்சிக் கொடியை இறக்கி, மடித்து, நெல் சாக்குகளுக்கு மேல் இருந்த பரணில் வைத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அரசியல் பேசினால் கேட்க வீட்டில் நானும் அக்காவும் மட்டுமே இருந்தோம். அக்கா கேட்கமாட்டாள்.

லண்டனுக்குக் கடிதம் எழுதினார். விலாசம் கண்டுபிடித்துத் தந்தது என் வேலை. ஆங்கிலத்தைத் திருத்தியதும் நான்தான். பொன்னேரி சென்னைக்கு வடக்கே இருக்கிறது என்றும், இங்கே விளையும் நெல்லை விளைவித்தவனே அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்க வேண்டும் என்றும், இதை உங்கள் மையம் கவனிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கடைசி வேண்டுகோளை எடுத்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும், கவனிக்கட்டுமே" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. மரியாதையான சிறு கடிதமும் இரண்டு சிறு நூல்களும். தபால்காரர் அதை வீட்டில் கொடுக்காமல் மில்லுக்கே கொண்டுவந்து, நெல் கொண்டுவந்திருந்தவர்கள் முன்னிலையில் கொடுத்தார். ராணி தலை போட்ட தபால்தலையை அக்கா மகள் பிய்த்துக்கொண்டாள். நூல்களை மாமா தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, ஆங்கில அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். அரசாங்கம் பணத்தை அச்சடித்தால் விலைவாசி ஏன் ஏறுகிறது என்று, அரிசிக்குக் காத்திருந்த குடியானவர்களுக்கு விளக்கினார். அவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டினால் அரவை சீக்கிரம் ஆகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

அடுத்த கட்டம் இயல்பாக வந்தது. லண்டனில் ஒரு மையம் இருக்கும்போது பொன்னேரியில் ஏன் இருக்கக் கூடாது?

உறுப்பினர்களாக இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தவர். இன்னொருவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவாலங்காட்டில் கொஞ்ச காலம் இருந்ததால் எதற்கெடுத்தாலும் அந்த ஸ்டேஷனை உதாரணம் காட்டுவார். இவர்களோடு மாமா. மில்லின் முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரசாங்கம் கைவிட வேண்டிய துறைகள் எவை என்பதுதான் முதல் விவாதம். மாமா ரயில்வேயிலிருந்து தொடங்கினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கையை உயர்த்தினார். "ஒன் மினிட். ரயில்வேய பிரைவேட்டுக்குக் குடுத்துட்டா என் பென்ஷன எவன் குடுப்பான்?"

மாமா யோசித்தார். "சரி, ரயில்வேய விட்டுடலாம். அடுத்தது உரம். கவர்மெண்ட்டு கோட்டா போட்டுக் குடுக்கறத நிறுத்தணும்."

"இன்னாத்துக்கு?" என்றார் உரக்கடைக்காரர். "கோட்டா இருக்கறதாலதான் எனக்கு மூட்டை வருது. கோட்டாவ எடுத்துட்டா மெட்ராஸ்ல கீற பெரிய பார்ட்டி மொத்தத்தையும் அள்ளிக்கினு பூடுவான். நான் கடைய மூடிக்கினு உங்க மில்லாண்ட வந்து உக்காரணும்."

"அப்ப உரத்தையும் விட்டுடலாமா?"

"விட்டுடுங்க."

மிஞ்சியது நெல்லும் நெல் மில்லும். அதில் மற்ற இருவருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. நெல் வியாபாரத்திலும் அரவையிலும் அரசின் தலையீடு முழுவதும் ஒழிய வேண்டும் என்று மையம் ஒருமனதாகத் தீர்மானித்தது. மாமாவின் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. தன் தொழில் ஒன்றுதான் மேசைமேல் மிஞ்சியிருக்கிறது என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

பெயர்ப்பலகை எழுதியாயிற்று. தொடக்கவிழாவுக்கு யார் தலைமை என்ற கேள்வி எழுந்தபோது, கேள்வியே வீண் என்பதுபோல உரக்கடைக்காரர், "தாசில்தார்தான்" என்றார்.

நான் குறுக்கிட்டேன். "அண்ணே, கவர்மெண்ட் ஒதுங்கிக்கணும்னு சொல்ற கூட்டத்துக்குத் தாசில்தாரையா கூப்பிடுவாங்க?"

"பின்ன யாரக் கூப்புடறது? நாமளே உக்காந்துகினு நாமளே பேசிக்கினா அது கூட்டமா? சீட்டாட்டம்னு நெனச்சிக்குவான்."

ஸ்டேஷன் மாஸ்டரும் ஆமோதித்தார். பள்ளிக்கூட ஆண்டுவிழா, மாட்டு ஆஸ்பத்திரி முகாம், பஜனை மண்டலியின் வெள்ளிவிழா எதுவும் பொன்னேரியில் தாசில்தார் இல்லாமல் நடந்ததில்லை. அதிகாரி உட்காராத மேடையை ஊர் ஒரு மேடையாகவே எடுத்துக்கொள்ளாது. லண்டனில் எப்படியோ, இங்கே இதுதான் முறை. மாமாவும் ஒப்புக்கொண்டார். எனக்கு வியப்பாக இருந்தது, அவருக்கு இல்லை. "நம்ம சொல்றது அவரு காதுலதான மச்சான் விழணும்?" என்றார்.

மில்லின் களத்தில் விழா நடந்தது. காயப்போட்டிருந்த நெல்லை ஒரு மூலைக்குக் கூட்டித் தள்ளி, பெஞ்சு போட்டு, ஒலிபெருக்கி கட்டினார்கள். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பொறுப்புக் கொடுத்திருந்ததால் மேடை நிறைந்திருந்தது. எதிரே பெஞ்சுகளில் இடம் இருந்தது. அங்கே மில் ஆட்களும், அன்று நெல் அவிக்க வந்து மாட்டிக்கொண்டவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் தெற்கத்திக்காரர். பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய வெயில். ரோஜா மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தியதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கவனமாகக் கேட்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மாமா லண்டன் நூல்களிலிருந்து தயாரித்த உரையைப் படித்தார். நடுவில் ஆங்கிலச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. முன்வரிசையில் ஒருவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். இன்னொருவர் அவர் இடத்தில் காலை நீட்டினார். மாமா அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொந்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"நெல்லு வெளைய வெக்கறவன் இஷ்டப்பட்ட ஊர்ல வித்துக்கட்டும். எவன் வேணாலும் மில்லு வெக்கட்டும். ஏன், என் மில்லுக்கு எதிர்லயே ஒருத்தன் வெக்கட்டுமே! நான் இன்னா வேணாம்னா சொல்லப் போறேன்? எவன் நல்லா அரைக்கிறானோ அவன்கிட்ட போங்க. நான் நல்லா அரைக்கலியா, எனக்கு மில்லு எதுக்கு?"

கைதட்டல் எழுந்தது. உண்மையான கைதட்டல். தாசில்தார் கண்ணைத் திறந்தார். களத்தின் வாசலில், கலர் பாட்டில்கள் அடுக்கிய தட்டோடு நின்ற அக்கா மட்டும் அசையவில்லை. தட்டை அப்படியே ஒரு மூட்டைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செய்தியை நானே எழுதிக் கொடுத்தேன். லண்டன் மையத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தேன். செய்தி ஆசிரியர் அதை அடித்துவிட்டு, மாவட்டச் செய்திகளில் கீழே போட்டார். தலைப்பு: 'பொன்னேரியில் கூட்டம் - தாசில்தார் தலைமை.' மாமா அதை வெட்டி லண்டனுக்கு அனுப்பினார்.

அடுத்த அறுவடைக்கு முன்னால் அந்த மனு வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஓர் இளைஞர். குடும்பத்துக்கு வேர்க்கடலை வியாபாரம். அந்தப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்ததால், பணத்தைத் தன் ஊரில் போடத் தயங்கி, பொன்னேரியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மில் வைக்க அனுமதி கேட்டிருந்தார். ரப்பர் ரோலர் வைத்த புது மாதிரி மில். மாமாவிடம் இருந்ததோ ஹல்லர்; நெல்லை அடித்து உரிக்கும், அரிசி நிறைய உடையும். ரோலர் உமியை மட்டும் உரித்தெடுக்கும். முழு அரிசி கூடுதலாகக் கிடைக்கிற இடத்துக்குத்தான் பெரிய குடியானவர்கள் வண்டியைத் திருப்புவார்கள். இதை மில் முதலாளியின் வீட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

புது மில்லுக்கு அனுமதி கொடுக்கும் முன், ஏற்கெனவே மில் வைத்திருப்பவரை அழைத்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பது எங்கள் தாலுகா அலுவலகத்தின் வழக்கம். ஆட்சேபணை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மனு மாவட்டத் தலைமை அலுவலகத்துக்குப் போகும், அங்கேயே கிடக்கும். மாமாவுக்கும் அழைப்பு வந்தது.

மையம் அவசரமாகக் கூடியது. இந்த முறை விவாதமே இல்லை.

"ஆட்சேபணைன்னு சொல்லிட்டு வந்துகினே இருங்க" என்றார் உரக்கடைக்காரர்.

"அன்னிக்கு மேடையில நான் பேசனது?"

"அது லண்டனுக்காகப் பேசனது. இது பொன்னேரி. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் இன்னும் நிதானமாகச் சொன்னார். "திருவாலங்காட்டுல ஒரே ஒரு டீ ஸ்டால்தான். இன்னொருத்தன் அப்ளை பண்ணான். பழையவன் அப்ஜெக்‌ஷன் குடுத்தான். நான் ஃபார்வர்டு பண்ணேன். யாரும் தப்பா நெனைக்கல. அதெல்லாம் ரொட்டீன்."

"டீ எப்படி இருக்கும் அங்க?" என்று மாமா கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வீட்டில் அக்கா அதைப்பற்றி நேராகக் கேட்டது ஒரே ஒரு தடவைதான். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொல்லப் போறீங்க?"

"யோசிக்கறேன்."

"யோசிக்கறதுக்கு இன்னா கீது அதுல? இந்த மில்லு போச்சின்னா நாம எங்க போறது? பொண்ண எத வெச்சிப் படிக்க வெப்பீங்க? லண்டன்ல இருந்து சோத்துமூட்டை வருமா?"

மாமா எழுந்து போய் மாட்டுக்குத் தவிடு கலக்கினார். கலக்க வேண்டிய வேளை அல்ல அது. அக்கா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லேன்டா. நீ கொண்டாந்த பேப்பர்தான் எல்லாப் பேஜாருக்கும்."

"நான் சொன்னா கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு. தெரியும். அப்பவும் சொல்லு."

சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

விசாரணை நாள் எனக்கு விடுமுறை. மாமாவோடு தாலுகா அலுவலகம் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்; கல்யாணத்துக்குப் போவதுபோல் இருந்தது. அந்த இளைஞர் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமாவைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தாசில்தார் கோப்புக் கட்டைப் பிரித்தார். மேசைமேல் இருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க. உங்க கொள்கை எல்லாம் எப்படி இருக்கு?"

"இருக்குதுங்க சார்."

"எதிர்லயே ஒருத்தன் மில் வைக்கட்டும்னு சொன்னீங்க. ரயில்வே கேட் எதிர் இல்லதான். இருந்தாலும் கிட்டக்க வந்துட்டாரு பாத்தீங்களா?"

மாமா கொஞ்சம் நெளிந்தார். "சார், அன்னிக்கு நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சிப் பேசிட்டேன்."

"தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். கை தட்டுனாங்க, முழிச்சேன். அது மட்டும் காதுல விழுந்துருச்சு."

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்து அவர் சொன்னதற்காக அந்த மனிதரை இன்றும் எனக்குப் பிடிக்கும். "இங்க பாருங்க, மேடையில பேசறது வேற. நானும் பேசியிருக்கேன். அதை நான் இங்க எழுதப் போறதில்ல. உங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கு. ஆட்சேபணை உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். இந்தத் தம்பியும் வேற ஊர் பார்த்துக்குவாரு. என்ன தம்பி?"

இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார்" என்றார்.

மாமா அந்தப் பக்கம் திரும்பினார். "ரப்பர் ரோலரா?"

"ஆமாங்க."

"நொய்யி எவ்ளோ விழும்?"

"மூட்டைக்கு ஒரு மரக்கா கூட விழாதுன்றாங்க. பட்டுக்கோட்டைல போய்ப் பாத்துட்டு வந்தேன். நெல்லு பதமா காஞ்சிருக்கணும்."

"ஈர நெல்லு எடுத்தாந்தா?"

"அப்ப ஒடையும்."

"பழவேற்காடு ரோட்டுப் பக்கத்து நெல்லு ஈரமாத்தான் வரும். அவங்களுக்குக் களம் கெடயாது. நீ பெருசா களம் போடணும்." மாமா சிறிது நேரம் அந்த இளைஞர் பூசப்போகிற களத்தையே பார்ப்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாசில்தாரிடம், "எனக்கு ஆட்சேபணை இல்லைங்க" என்றார்.

"நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிடுவேன் சார். எழுதிக்கங்க."

வெளியே வந்தோம். வாசலில் ஒரு சோடாக்கடை இருந்தது. ஒரு சோடா வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "லண்டன்ல அந்த மந்திரிக்குக் கூட இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல மச்சான்?" என்றார். அந்த அமைச்சருக்கு நெல் மில் இருந்திருக்காது என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் சேதி போயிருந்தது. அக்கா தட்டு வைத்துச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அப்பளம்கூடப் பொரித்திருந்தாள். மாமா சாப்பிட்டு எழுந்தபின் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வெகுநேரம் கழுவினாள்.

புது மில் வந்தது. அறுவடைக் காலத்தில் பெரிய வண்டிகள் ரயில்வே கேட் பக்கம் திரும்பின. மாமாவின் மில்லில் அவிக்கும் தொட்டிகள் முதலில் வாரத்தில் பாதி நாள், பிறகு பெரும்பாலான நாட்கள் காலியாக இருந்தன. ஆட்களில் சிலர் புது மில்லுக்குப் போனார்கள். அவர்களை அனுப்பும்போது, "அங்க ரோலர்ல கைய வெச்சிக்கினு வெளையாடாதீங்கடா" என்று மாமா சொல்லி அனுப்பினார். அந்த இளைஞர் பண்டிகைக்கு வேட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மாமா வாங்கிக்கொண்டார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள், சர்க்கரை கொஞ்சம் குறைவாக.

அவசரநிலை வந்தபோது கூட்டம் போட அனுமதி வேண்டும் என்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் பென்ஷனை நினைத்து ஒதுங்கினார். பெயர்ப்பலகையை மாமாவே இறக்கினார். லண்டனிலிருந்து நூல்கள் மட்டும் எப்போதாவது வந்துகொண்டிருந்தன. அவர் படித்துக்கொண்டிருந்தார், விளக்கிச் சொல்லத்தான் மூட்டைமேல் காத்திருக்கும் ஆட்கள் இல்லை.

குடும்பத்தை நிமிர்த்தியது அக்கா. தலைச்சுமையாகக் கொஞ்சம் நெல்லோ அரிசியோ கொண்டுவருகிற பெண்களைப் புது மில் சீந்துவதில்லை என்பதைக் கவனித்திருந்தாள். ஹல்லரை அவர்களுக்கென்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் மாவு அரைக்கும் மிஷினும் மிளகாய் அரைக்கும் மிஷினும் போடச் சொன்னாள். நகையைக் கொடுத்தாள். மோட்டாருக்குப் பக்கத்தில் மாமா நிற்பார். முன்னால் தராசுக்கும் கல்லாவுக்கும் அக்கா. மிளகாய் நெடியில் இருவரும் மாறி மாறித் தும்முவார்கள். "இன்னா, அரிசியில கல்லு கீதேக்கா?" என்று யாராவது கேட்டால், "கல்லு இல்லாத நெல்லா எடுத்தாந்தா, நல்லா அரைச்சித் தரேன்" என்பாள். கடையில் எப்போதும் கூட்டம் இருந்தது. மாமா என்னிடம், "வாடிக்கைக்காரங்கள அவ திட்டறா, அவங்க மறுபடி வராங்க. இதப் பத்தி லண்டன்காரங்க ஒண்ணும் எழுதல" என்றார்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு அடுத்த தெருவில் இன்னொருவர் மாவு மில் வைக்க மனுப் போட்டார். மோட்டார் வைக்கப் பஞ்சாயத்தின் லைசென்ஸ் வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

அக்கா அன்று கடையைச் சாத்தினாள். நல்ல புடவை கட்டிக்கொண்டாள். லைசென்ஸ் அவள் பெயரில்தான் இருந்தது. நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"சைக்கிள எடுங்க" என்றாள் மாமாவிடம்.

மாமா என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன். அவர் சைக்கிளை எடுத்துக் கேரியரைத் துண்டால் துடைத்தார். அக்கா ஏறி உட்கார்ந்தாள். பஞ்சாயத்து ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. நானும் கூடவே நடந்தேன்.

வாசலில் அக்கா இறங்கினாள். "உள்ள வரீங்களா?"

"நீ போய்ட்டு வா" என்றார் மாமா.

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு படியேறினாள். உள்ளே அவள் குரல் கேட்டது. "எனக்கு ஆட்சேபணை கீது, எழுதிக்கங்க" என்றது தெளிவாகவே கேட்டது. மாமா சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தெருப்பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் போகும்போதும் அவர் அப்படியே, அக்கா வந்து உட்காரக் கேரியரை வாசல் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.